2 நிமிட விமானப் பயணத்தின் வரலாறு



உலகிலேயே மிகக் குறுகிய விமான சேவை எது? வினாடி வினாவில் அடிக்கடி வரும் கேள்வி இது. விடை: வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே. இரண்டும் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் உள்ள சின்னத் தீவுகள். (நம்ம "பாப்பா" இல்லைங்க! பழைய நார்ஸ் மொழியில் அது துறவிகளைக் குறிக்கும் சொல்.)

தூரம் வெறும் 2.7 கி.மீ. எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையே ஏறக்குறைய இவ்வளவு நீளம்தான். அட்டவணைப்படி 2 நிமிடம். காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 விநாடியில் போயிருக்கிறார்கள், அதுதான் சாதனை.

வணிகவியல் படிக்கிறவனுக்கு உடனே ஒரு கேள்வி வரும். இவ்வளவு தூரத்துக்கு எதுக்கு விமானம்? படகும்தானே இருக்கிறது?

பதில் வரலாற்றில் இருக்கிறது. 1933-ல் கேப்டன் ஃப்ரெசன் என்பவர் தன் ஹைலேண்ட் ஏர்வேஸ் மூலம் இன்வர்னஸிலிருந்து ஆர்க்னியின் தலைநகர் கிர்க்வாலுக்கு விமானம் விட்டார். 1934-ல் அதே தடத்தில் தபாலும் பறந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1947-ல் அவர் நிறுவனம் அரசுடைமை ஆனது. சின்னத் தீவுகளுக்கு நிலையான சேவை மறுபடி அமைந்தது 1967-ல்தான். அதைத் தொடங்கியது லோகன்ஏர் நிறுவனம்.

அதற்குக் கைகொடுத்தது பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானம். முதலில் பறந்தது 1965-ல். ஒரே பைலட், எட்டு பயணிகள், குட்டி ஓடுபாதை போதும். இப்படி ஒரு விமானம் இல்லையென்றால் இந்தத் தடமே இல்லை.

சரி, அந்த 2.7 கி.மீ. விஷயத்துக்கு வருவோம். அதைத் தனிப் பயணமாகப் பார்ப்பதால்தான் நமக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. விமானம் கிர்க்வாலில் கிளம்புகிறது. ஒரு தீவில் இறங்கி, பக்கத்துத் தீவையும் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. மினி பஸ் அடுத்தடுத்த ஸ்டாப்பில் நிற்பது மாதிரிதான். அந்த இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் கடல் இருக்கிறது, அவ்வளவுதான்.

லாபக் கணக்கு போட்டால் இது தேறாது. கிலோமீட்டர் எத்தனையாக இருந்தாலும் ஒரு முறை ஏறி இறங்கும் செலவு இருக்கத்தான் செய்யும். தூரம் குறையக் குறைய கிலோமீட்டருக்கான செலவு எகிறும். டிக்கெட் பணத்தில் அது கட்டுப்படியாகாது. அதனால் ஆர்க்னி தீவு மன்றம் மானியம் கொடுத்து ஓட்டுகிறது. பொதுச் சேவைக் கடமை என்று இதற்குப் பெயர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாப்பா வெஸ்ட்ரேயில் இருந்தவர்கள் 90 பேர். தொண்ணூறு பேருக்கு விமானமா என்று கேட்கலாம். ஆனால் ஆசிரியரும் மருத்துவரும் வந்து போக வேண்டும், நோயாளி கிர்க்வால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதெல்லாம் நின்றுபோனால் இளம் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைக் காலி செய்யும். அப்புறம் மானியம் கொடுக்க ஆளே இருக்காது.

அந்தத் தீவில் நாப் ஆஃப் ஹோவார் என்ற கல்வீடு இருக்கிறது. வயது 5,000 ஆண்டுக்கு மேல். அவ்வளவு காலமாக மனிதர் வாழ்ந்த மண் அது. அங்கே இனியும் ஆள் இருக்க வேண்டுமா என்பதுதான் உண்மையான கேள்வி. வேண்டும் என்றால் அந்த 2 நிமிடத்துக்கு யாராவது காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?