கூரை போட்டவருக்குப் பக்கவாசல்: பிரான்சின் ககோக்கள்



பிரான்ஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1789. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். இந்த மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றேன் என்று 1954-இல் வானொலி உரை ஒன்றில் அண்ணல் அம்பேத்கர் தெளிவுபடுத்தினார். அந்தப் புரட்சி நடந்த மண்ணிலேயே பல நூற்றாண்டுகள் தீண்டாமை இருந்தது என்பது நம் பாடப்புத்தகங்களுக்குள் வரவே இல்லை. பிரான்சின் பாரம்பரியம் என்று அரண்மனையையும் ஓவியத்தையும் திராட்சை மதுவையும் பேசுகிறவர்கள் இதைப் பேசுவது குறைவு.

தென்மேற்கு பிரான்சில், பிரனீஸ் மலையடிவாரத்துப் பெயார்ன், கஸ்கொஞ் பகுதிகளிலும், மலைக்கு அப்பால் நவாரிலும் ககோ என்றழைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். அகோட், கஹெ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் பேசிய அதே மொழியைத்தான் பேசினார்கள். தோல் நிறமும் அதேதான். மதமும் அதே கத்தோலிக்கம். ஆனாலும் அவர்களின் குடியிருப்பு ஊருக்கு வெளியே. தேவாலயத்துக்குள் நுழையக் குட்டையான தனி வாசல், தீர்த்தம் தொட்டுக்கொள்ளத் தனித் தொட்டி, உட்காரத் தனி இடம். நற்கருணை அப்பத்தைக் கோலின் நுனியில் வைத்து நீட்டியதாகச் சொல்கிறார்கள். கல்லறையும் தனி. திருமணம் தங்களுக்குள்தான். தெருவில் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. வாத்துக் கால் வடிவில் சிவப்புத் துணியை வெட்டி உடையில் தைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையும் பல இடங்களில் இருந்தது.

நம் பிள்ளைகளிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்து எந்த ஊர் என்று கேட்டால், தன் தாத்தாவின் ஊர்ப்பெயரைச் சொல்வார்கள்.

தொழிலைப் பாருங்கள். விவசாயமும் கால்நடையும் பெரும்பாலும் மறுக்கப்பட்டு, மரவேலை அவர்கள் தலையில் விழுந்தது. தொழுநோய் மரத்தின் வழியாகப் பரவாது என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். காலப்போக்கில் அந்த வட்டாரத்தின் சிறந்த தச்சர்கள் அவர்களே ஆனார்கள். 1379-இல் கஸ்தோன் ஃபெபுஸ் என்ற பிரபு தன் மோந்தனேர் கோட்டையின் மரவேலைக்கு ககோ தச்சர்களோடுதான் ஒப்பந்தம் போட்டான். தேவாலயங்களின் கூரை உத்திரங்களை இழைத்துப் பூட்டியதும் இவர்கள் கைகளே. சவப்பெட்டியும் தூக்குமரமும்கூட இவர்கள் செய்தவை. அவர்கள் தொட்ட உத்திரத்தின் கீழே நின்று ஊர் முழுக்க ஜெபித்தது. அவர்கள் தொட்ட தண்ணீர் மட்டும் தீட்டு. தீட்டு என்பதற்கு உழைப்பைச் சுரண்டும்போது கண் தெரியாது.

ஏன் ஒதுக்கினார்கள்? இதற்கு ஆளுக்கொரு கதை. தொழுநோயாளிகளின் சந்ததி என்றார்கள். தோற்றுப்போன கோத்துகள் என்றார்கள், சாரசேனியர் என்றார்கள், திருச்சபையை எதிர்த்த கத்தார்களின் வாரிசு என்றார்கள். விவிலியத்தில் எலிசாவின் சாபத்தால் தொழுநோய் பிடித்த வேலைக்காரன் கேயாசியின் வம்சம் என்றுகூடச் சொன்னார்கள். காதுமடல் இல்லாதவர்கள், உடம்பில் நாற்றம் அடிக்கும் என்பதெல்லாம் ஊர்ப்பேச்சு. 1600-இல் துலூஸ் உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி மருத்துவர்கள் ககோக்களை ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். எந்த நோயும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பக்கவாசல் அப்படியே இருந்தது. ஒதுக்குவதற்கான காரணம் ஒதுக்கப்பட்டவரின் உடம்பில் இருப்பதில்லை. அதனால் மருத்துவரால் அதைத் தீர்க்கவும் முடியவில்லை. 1948-இல் வெளியான தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அம்பேத்கர் இனக்கோட்பாட்டை உடைத்தார். இனம் என்ற சாக்கே இல்லாமலும் தீண்டாமை தழைக்கும் என்பதற்கு ககோக்கள் இன்னொரு சாட்சி.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. நவாரின் ககோக்கள் போப் பத்தாம் லியோவிடம் முறையிட்டார்கள். மற்ற விசுவாசிகளைப் போலவே அவர்களையும் நடத்துமாறு 1515-இல் அவர் ஆணையிட்டார். உள்ளூர்க் குருக்கள் கேட்கவில்லை. வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 1683-இல் பதினான்காம் லூயி மன்னன் விடுதலைப் பத்திரம் கொடுத்தான். அதற்கும் காசு வாங்கிக்கொண்டான். 1723-இல் போர்தோ உயர்நீதிமன்றம், யாரையாவது ககோ என்றோ கேயாசி வம்சம் என்றோ இழிவாக அழைத்தால் 500 லிவ்ர் அபராதம் என்று தீர்ப்பளித்தது. நம் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 266 ஆண்டுகளுக்கு முன்பே சாதிவசவைத் தண்டித்த தீர்ப்பு என்று இதைச் சொல்லலாம்.

அந்தத் தீர்ப்புக்கு 22 ஆண்டுகளுக்குப் பிறகு, 1745 அக்டோபரில், அதே பிரெஞ்சு மன்னனின் கொடி பறந்த புதுச்சேரியில் என்ன நடந்தது? தேவாலயத்துக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்தது. எல்லாரும் கிறிஸ்தவர் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று அவர்கள் பாதிரியாரிடம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். இதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படிக்கலாம். பிரான்சிலும் இங்கேயும் கேள்வி ஒன்றுதான், கேட்டவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தான்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ககோ என்பது ஒரே கோடு. கோட்டுக்கு மேலே ஊர், கீழே அவர்கள். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை அங்கே இல்லை. இதைச் செய்யச் சொல்லி வேதக் கட்டளையும் இல்லை. அதனால்தான் போப்பே எதிர்த்து எழுத முடிந்தது. ஊரை விட்டு வேறு நகரத்துக்குப் போன ககோ வெறும் தச்சராகிவிடலாம். நம்மவர் சென்னைக்குப் போனாலும் வாடகை வீட்டு வாசலில் அந்தக் கேள்வி காத்திருக்கிறது.

1789-க்குப் பிறகு சட்டத்தின் முன் ககோ என்று யாரும் இல்லை. புரட்சி நாட்களில் பல ஊர்களில் அவர்களே புகுந்து, பிறப்புப் பதிவேடுகளை அழித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இருந்தும் அரை நூற்றாண்டு கழித்து, 1847-இல் பிரான்சிஸ்க் மிஷெல் சபிக்கப்பட்ட இனங்கள் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதியபோது, யார் யார் ககோ குடும்பம் என்பது ஊர்வாய்ப் பாடல்களில் உயிரோடு இருந்தது. இன்று ஆரோ என்ற சிற்றூரில் அவர்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சேன்-சவேன் மடாலயக் கோயிலில் ககோக்களின் தீர்த்தத் தொட்டி என்று ஒரு கல்தொட்டியைக் காட்டுகிறார்கள். எரியாமல் தப்பிய பங்குப் பதிவேடுகளில், ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் பாதிரியார் எழுதிய அந்த ஒற்றைச் சொல் இன்னும் இருக்கிறது.