வல்லரசுகள் போட்ட சாலை

1970ஆம் ஆண்டு வாக்கில் லண்டனிலிருந்தோ ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ புறப்பட்ட ஓர் இளைஞன், முதுகில் ஒரு பையும் சட்டைக்குள் கொஞ்சம் பயணிகள் காசோலையுமாக, ஒரு விமானத்திலும் ஏறாமல் காத்மாண்டு வரை வந்து சேர்ந்துவிட முடிந்தது. இஸ்தான்புல், எர்சுரும், தப்ரீஸ், தெஹ்ரான், மஷ்ஹத், ஹெராத், காந்தஹார், காபூல், பெஷாவர், லாகூர், தில்லி. இன்று இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் போர்ச் செய்தி வாசிப்பதுபோல ஒலிக்கிறது. அன்று அது ஒரு பேருந்துத் தடம்.

இதற்கு ‘ஹிப்பித் தடம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு அந்தப் பெயரில் முழுச் சம்மதம் இல்லை. ஹிப்பி என்ற சொல் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் பாதையில் மனிதர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த எல்லா மய்யாரும் அன்னமாரி ஷ்வார்ஸன்பாக்கும் 1939இல் ஒரு ஃபோர்டு காரை ஓட்டிக்கொண்டு ஜெனீவாவிலிருந்து காபூல் சென்றார்கள். அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த சமயத்தில் ஐரோப்பாவில் உலகப்போர் மூண்டது. 1957இல் ‘இந்தியாமேன்’ என்ற பேருந்து லண்டனிலிருந்து இருபது பயணிகளுடன் கிளம்பிக் கல்கத்தா வந்து சேர்ந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. ஏப்ரல் நடுவில் கிளம்பி ஜூன் தொடக்கத்தில் ஹூக்ளிக் கரைக்கு வந்த அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் எவரும் பூச்சூடிய புரட்சியாளர்கள் அல்லர். கப்பல் கட்டணத்தைவிட இது மலிவு, வேடிக்கையும் பார்க்கலாம் என்று எண்ணிய சாதாரண மனிதர்கள்தாம்.

இந்தப் பாதையின் பயணிகளில் எனக்கு மிகவும் பிடித்தவர் சைக்கிளில் வந்தவர். டெர்வ்லா மர்ஃபி, அயர்லாந்தின் லிஸ்மோர் என்ற சிற்றூரில் 1931இல் பிறந்தவர். பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு நிலப்பட நூலும் பரிசாகக் கிடைத்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்த சிறுமி, இப்படியே மிதித்துக்கொண்டே போனால் இந்தியாவுக்குப் போய்விடலாம் என்று முடிவுசெய்தாள். குழந்தைகள் இப்படி எத்தனையோ முடிவுகளைச் செய்வார்கள், மறந்தும்போவார்கள். டெர்வ்லா மறக்கவில்லை. ஆனால் காத்திருக்க வேண்டியிருந்தது. மூட்டுவாதத்தால் முடங்கிப்போன தாயைக் கவனிப்பதற்காகப் பதினான்கு வயதில் பள்ளியை விட்டார். அடுத்த பதினாறு ஆண்டுகள் அந்த வீட்டிலேயே கழிந்தன. 1962இல் தாய் இறந்தார். மறு ஜனவரியில், ஐரோப்பா அண்மைக் காலத்தில் கண்டிராத கடுங்குளிரில், மகள் டன்கர்க்கிலிருந்து சைக்கிளை மிதிக்கத் தொடங்கினார்.

அந்தச் சைக்கிளின் பெயர் ரோஸ். தான் கிஹோத்தேயின் நோஞ்சான் குதிரையான ரோசினாந்தேயின் செல்லச் சுருக்கம். ஆசியச் சாலைகளுக்குத் தாங்காது என்று அதிலிருந்த கியர்களைக் கழற்றிவிட்டே கிளம்பினார். மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். பையில் ஒரு சிறு கைத்துப்பாக்கியும் இருந்தது. யூகோஸ்லாவியப் பனிமலையில் ஓநாய்களிடமிருந்து தப்ப அது பயன்பட்டது. ஆப்கானிஸ்தானில் ஒரு பேருந்துக்குள் கட்டணத் தகராறு முற்றியபோது யாரோ ஓங்கிய துப்பாக்கிக் கட்டை அவர்மீது பட்டு விலா எலும்புகள் முறிந்தன. அந்த நாட்டை அவர் வெறுத்திருக்க எல்லா நியாயமும் உண்டு. மாறாக, வழியில் கண்ட நாடுகளிலெல்லாம் அவர் மனத்தைப் பறிகொடுத்தது அங்கேதான். 1965இல் வெளிவந்த அவரது முதல் நூலான ‘ஃபுல் டில்ட்’டைப் படிப்பவர்கள் இதை உணரத் தவறுவதில்லை. தில்லிக்கு வந்து சேர்ந்தபின் உடனே திரும்பிவிடவில்லை. திபெத்திய அகதிக் குழந்தைகளுக்கான முகாமில் பணிபுரியத் தங்கினார். பத்தாண்டுகள் கழித்துத் தன் ஐந்து வயது மகளுடன் மீண்டும் வந்து குடகில் வாழ்ந்ததும் ஒரு நூலாயிற்று. 2022 மே மாதம், அதே லிஸ்மோரில், தொண்ணூறு வயதில் மறைந்தார்.

மர்ஃபி சைக்கிளில் சென்ற 1963இல் ஆப்கானிஸ்தானின் பெருஞ்சாலைகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சாலைதான்.

ரயில் இல்லாத நாடு அது. வடக்கே ரஷ்யாவும் தெற்கே பிரிட்டிஷ் இந்தியாவும் இருந்த காலத்தில், நல்ல பாதை என்பது படையெடுப்புக்கு அழைப்பு என்று அமீர்கள் கருதினார்கள். எவ்வளவு சரியாகக் கருதினார்கள் என்பது பிறகு தெரிந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை மாறியது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அந்த ஏழை நாட்டின் நட்பைப் பெறப் போட்டியிட்டன. காபூலின் தெருக்களைச் செப்பனிட அமெரிக்கா தயங்கியது. சோவியத்துகள் தார் போட்டுக் கொடுத்தார்கள். நகரவாசி ஒவ்வொருவன் காலடியிலும் படுகிற உதவி அது. அமெரிக்கா காந்தஹாரில் ஒரு மாபெரும் விமான நிலையத்தைக் கட்டியது. நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கும் என்பது கணக்கு. அது 1960களின் தொடக்கத்தில் தயாரானபோது ஜெட் விமானங்கள் வந்துவிட்டிருந்தன. அவற்றுக்கு நடுவழியில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. வளைவு வளைவான அழகிய கட்டடம் பாலைவன ஓரத்தில் ஆளற்று நின்றது.

சாலைகள் அப்படி வீணாகவில்லை. சோவியத் எல்லையான குஷ்காவிலிருந்து ஹெராத் வழியாகக் காந்தஹார் வரை, ஏறத்தாழ 680 கிலோமீட்டர், சோவியத்துகள் கான்கிரீட் பலகைகளைப் பதித்துச் சாலை போட்டார்கள், 1965இல் முடிந்தது. காந்தஹாரிலிருந்து காபூல் வரை 480 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அமெரிக்கர்களின் தார்ச்சாலை, 1966இல் முடிந்தது. ஈரானிய எல்லையான இஸ்லாம் கலாவிலிருந்து ஹெராத் வரையிலான துண்டும் அமெரிக்க உதவிதான். காபூலுக்கு வடக்கே, இந்துகுஷ் மலையைத் துளைத்து, மூவாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் சாலாங் சுரங்கப்பாதையை 1964இல் சோவியத்துகள் திறந்துவைத்தார்கள்.

ஆக, மேற்கிலிருந்து வரும் பேருந்து அமெரிக்கச் சாலையில் நுழைந்து, சோவியத் சாலையில் ஓடி, மறுபடி அமெரிக்கச் சாலையில் காபூலை அடைந்தது. கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் ஒரே சீரான தாளம் காந்தஹாரில் நின்றுபோகும். இவ்விரண்டு சாலைகளும் முடிந்ததற்கு அடுத்த பத்தாண்டுகள்தாம் அந்தத் தடத்தின் பொற்காலம். உள்ளொளி தேடி, போரை வெறுத்து, அரசுகளையே நிராகரித்துக் கிளம்பிய தலைமுறை, இரண்டு வல்லரசுகளின் பனிப்போர் முதலீட்டின்மீது உருண்டு கிழக்கே வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு இது தோன்றியிருக்கவே வாய்ப்பில்லை. நாம் எந்தச் சாலையில் போகும்போது அதை யார் போட்டார்கள் என்று கேட்கிறோம்?

பாதையின் நிறுத்தங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இஸ்தான்புல்லில் நீல மசூதிக்கு அருகே 1957இல் இரு சகோதரர்கள் திறந்த ஒரு சிற்றுணவகம், அதன் இனிப்புகளால் ‘புட்டிங் ஷாப்’ என்றே பெயர் பெற்றது. அதன் அறிவிப்புப் பலகையில் குத்திய சீட்டுகள் வழியாக வண்டியில் இடம் தேடினார்கள், பிரிந்த நண்பர்களுக்குச் சேதி வைத்தார்கள். காபூலில் கோழித்தெரு. காத்மாண்டுவில் அரண்மனைச் சதுக்கத்தை ஒட்டிய ஜோச்சென் தெரு. கஞ்சா அங்கே உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது, 1973இல் நேபாள அரசு தடைசெய்யும் வரை. ஊர்தோறும் தலைமைத் தபால் நிலையத்தில் தம் பெயருக்குக் கடிதம் வந்து கிடக்கிறதா என்று கேட்டுக் கால்கடுக்க நின்றவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படவில்லை.

1972இல் டோனி வீலர், மொரீன் வீலர் என்ற இளம் தம்பதி ஒரு பழைய மினி வண்டியில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். வண்டியைக் காபூலில் விற்றுவிட்டு மேலே சென்றார்கள். ஆண்டு முடிவில் சிட்னியை அடைந்தபோது கையில் மிஞ்சியது 27 சென்ட். எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்து, 1973இல் தாமே அச்சிட்டு, மடித்துத் தைத்து ஒரு சிறு கையேட்டை விற்றார்கள். ‘லோன்லி பிளானட்’ என்ற பதிப்பகத்தின் தொடக்கம் அது. அது வந்தபின் பயணம் எளிதாயிற்று. அதே காரணத்தால் எல்லாரும் ஒரே விடுதியில் தங்கி ஒரே உணவகத்தில் சாப்பிடுவதும் நேர்ந்தது.

மலிவு என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற சொல். 1970களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் மழை பொய்த்தது. மத்திய மலைப்பகுதியான கோர் மாகாணத்தில் மக்கள் பட்டினியால் மாண்டார்கள். வந்து சேர்ந்த உதவித் தானியமும் அதிகாரிகளின் அலட்சியத்தாலும் ஊழலாலும் உரியவர்களை அடையவில்லை. மன்னர் ஜாஹிர் ஷாவின் ஆட்சிமீது படித்தவர்கள் நம்பிக்கை இழந்ததற்கு அந்தப் பஞ்சம் ஒரு முக்கியக் காரணம். 1973 ஜூலையில், மன்னர் இத்தாலியில் இருந்தபோது, அவரது உறவினரான தாவூத் ஆட்சியைக் கைப்பற்றினார். அதே ஆண்டுகளில் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் நாம் வாசிப்பது திராட்சைக் குலைகளையும் தேநீரையும், சில நாணயங்களுக்குக் கிடைத்த விருந்தையும்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து கோர் தெரியாது.

ஆங்கில எழுத்தாளர் புரூஸ் சாட்வின் இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை வைத்தார். சோவியத் படையெடுப்புக்குப் பின், ராபர்ட் பைரனின் ‘ஆக்ஸியானாவுக்கான பாதை’ நூலுக்கு எழுதிய முன்னுரையில், ஆப்கானிஸ்தானைக் கெடுத்தவர்கள் ஹிப்பிகளே என்றார். படித்த ஆப்கானியர்களை மார்க்சியர்களின் பக்கம் தள்ளியவர்கள் அவர்களாம். சாட்வின் உரைநடையின் ரசிகன் நான். ஆனால் இது வரலாறு அல்ல. ஆப்கானிய இடதுசாரிக் கட்சி காபூலில் தொடங்கப்பட்டது 1965இல், கோழித்தெருவுக்குக் கூட்டம் வருவதற்கு முன்பு. 1978 ஏப்ரல் புரட்சியை நடத்திய அதிகாரிகளில் பலர் சோவியத் நாட்டில் பயிற்சி பெற்றவர்கள். பஞ்சமும் வேலையின்மையும் கண்ட ஒரு மாணவனுக்குக் கம்யூனிஸ்ட் ஆவதற்கு நீண்ட முடி வைத்த ஜெர்மானியனைப் பார்த்துக் கோபப்பட வேண்டிய அவசியம் இருந்திருக்காது. தான் மட்டும் கண்டறிந்ததாக எண்ணிய ஓர் இடத்துக்குப் பிறரும் வந்துவிட்டார்கள் என்ற எரிச்சல் சாட்வினுடையது. பயணிகள் எல்லாருக்கும் இந்த நோய் உண்டு.

முடிவு ஒரே ஆண்டில் வந்தது. 1979 பிப்ரவரியில் ஈரானில் ஷாவின் ஆட்சி வீழ்ந்தது. மார்ச்சில் ஹெராத் நகரம் காபூலின் புதிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தது. காவற்படையே கலகத்தில் சேர, நகரம் விமானத் தாக்குதலுக்கு உள்ளாகி ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஈரானிலிருந்து வரும் பயணி இறங்கிப் பெருமூச்சுவிட்டு, பைன் மரங்களின் கீழ் குதிரை வண்டிகள் மணியொலித்துப் போவதைப் பார்த்த அதே ஹெராத். டிசம்பர் கடைசி வாரத்தில் சோவியத் படைகள் நுழைந்தன. ஒரு பிரிவு ஆமு நதியைக் கடந்து சாலாங் சுரங்கம் வழியாகக் காபூலுக்கு வந்தது. இன்னொன்று குஷ்காவிலிருந்து கிளம்பி ஹெராத்தை நோக்கி. கான்கிரீட் பலகைகள் டாங்கிகளின் எடையைத் தாங்கின. பதினான்கு ஆண்டுகளாக அவற்றின்மீது மேற்கத்திய இளைஞர்கள் தூங்கி வழிந்துகொண்டே பயணம் செய்திருந்தார்கள்.

காபூல்–காந்தஹார் சாலையோ போரில் சிதைந்து குழிகளாயிற்று. 2003இல் அதை மறுபடி போட்டுக் கொடுத்ததும் அமெரிக்காதான், இம்முறை தன் படைகளும் அங்கே இருக்க.

இந்தத் தடத்தின் எச்சங்களில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1962இல் காபூலுக்கு வந்த நான்சி ஹாட்ச் டூப்ரீ என்ற அமெரிக்கப் பெண்மணி, பாமியானுக்குப் போனபோது அங்கே ஒரு நல்ல கையேடு இல்லையே என்று வருந்தித் தானே எழுதத் தொடங்கினார். பாமியான், காபூல், பால்க் என்று ஒவ்வொன்றாக, ஆப்கானியச் சுற்றுலாத் துறைக்காக. முதுகுப்பையுடன் வந்த பலர் அவற்றை வாங்கிப் புரட்டியிருப்பார்கள், விடுதியில் விட்டுப் போயிருப்பார்கள். 1974இல் வேறு இருவருடன் சேர்ந்து காபூல் அருங்காட்சியகத்துக்கும் ஒரு கையேட்டை எழுதினார். எந்த அறையில் எந்தப் பேழையில் எது இருக்கிறது என்று பார்வையாளனுக்குச் சொல்லும் எளிய நூல், படங்களுடன்.

1993இல் அருங்காட்சியகத்தின்மீது ராக்கெட் விழுந்தது. தொடர்ந்த கொள்ளையில் சேகரிப்பின் பெரும்பகுதி மறைந்தது; பட்டியல் ஏடுகளும் எரிந்தன. 2001 மார்ச்சில் பாமியான் புத்தர்கள் தகர்க்கப்பட்டார்கள். பாகிஸ்தானில் அகதிகளிடையே ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருந்த நான்சி, பிறகு காபூலுக்கே திரும்பி, 2017இல் அங்கேயே மறைந்தார். அருங்காட்சியகத்தில் என்ன இருந்தது, எது போனது என்று கணக்கெடுக்க முனைந்தவர்கள், அந்தச் சுற்றுலாக் கையேட்டைத்தான் கையில் எடுத்தார்கள்.