தன்னை உண்ணும் இதயம்

நம் இதயத் தசை உயிரணுக்களுள் பாதிக்கு மேற்பட்டவை வாழ்நாள் முழுதும் மாறாமல் நம்முடனேயே இருப்பவை என 2009ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. அவ்வளவு காலமும் பழுதுற்ற புரதங்களை அவை எங்கே கொட்டுகின்றன?

விடைக்கு வழி திறந்தவர் இதயத்தை ஆராய்ந்தவர் அல்லர் என்பதே நமக்கு வியப்பு. பெல்ஜியத்தின் லூவென் நகரில் கிறிஸ்டியன் டி டூவ் 1949இல் ஆராய்ந்தது எலியின் கல்லீரலை; அறிய விரும்பியது இன்சுலின் செயற்படும் விதத்தை. குளிர்பதனப் பெட்டியில் ஐந்து நாள் கிடந்த சாற்றில் ஒரு நொதியின் வீரியம் கூடியிருந்தது. நுண்ணிய பைகளுள் அடைபட்டிருந்த நொதி, பை நைந்ததும் வெளிப்பட்டிருந்தது. அப்பைகளுக்கு 1955இல் லைசோசோம் எனப் பெயரிட்டார். உயிரணு தன் பகுதிகளையே அதனுள் இட்டுச் செரிப்பதை 1963இல் ‘ஆட்டோஃபேஜி’ என்றார். தமிழில் ‘தன்னுண்ணல்’ எனலாம். சற்றே அச்சமூட்டும் சொல்தான். அதற்கான மரபணுக்களை 1990களில் ஈஸ்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிட்டியது.

இதற்கிடையே, 2007இல் கின்யா ஓட்சுவின் குழு, வளர்ந்த சுண்டெலிகளின் இதயத்தில் மட்டும் அம்மரபணுக்களுள் ஒன்றை நீக்கிப் பார்த்தது. அகற்றப்படவேண்டிய புரதங்கள் தேங்கின. இதயம் பருத்து, அறை விரிந்து, சுருங்கும் வலிமை குன்றியது.

மனிதரிடத்தில் இத்தகையதொரு கேடு முன்பே தென்பட்டிருந்தது. பதினாறு வயதுச் சிறுவர் இருவரின் வீங்கிய இதயத்தை 1981இல் டேனன் குழுவினர் பதிவு செய்தனர். அந்நோயின் காரணம் 2000இல்தான் புலப்பட்டது: லைசோசோமின் சவ்வில் இருக்கவேண்டிய ஒரு புரதம் இல்லை.