நீதிமன்றம் ஏறிய பாடநூல்

கி.பி. 1925ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம். அமெரிக்காவின் தென்பகுதியில் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த டேட்டன் என்னும் சிற்றூரில், மருந்துக்கடை ஒன்றில் ஊர்ப் பெரியவர் சிலர் கூடியிருந்தனர். ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,800. கடை உரிமையாளராகிய ராபின்சன் பள்ளிக் கல்விக் குழுவின் தலைவருமாவார். பள்ளிப் பாடநூல்களும் அக்கடையிலேயே விற்கப்பட்டன. அலமாரியிலிருந்து ஒரு நூல் எடுக்கப்பட்டது. ஜார்ஜ் ஹன்டர் எழுதி 1914இல் வெளிவந்த 'குடிமை உயிரியல்' என்பது அது. எளிய உயிர்களிலிருந்து சிக்கலான உயிர்கள் தோன்றிய பரிணாமத்தை அந்நூல் விளக்கியது. பள்ளிகளுக்கு அதனை ஏற்பளித்ததும் மாநில அரசு. அதில் உள்ளதைக் கற்பிப்பதைக் குற்றமாக்கியதும் அதே அரசு.

அவ்வாண்டு மார்ச்சில் நிறைவேறிய அச்சட்டம், அதனை முன்மொழிந்த உழவரான சட்டமன்ற உறுப்பினர் பட்லரின் பெயரால் வழங்கியது. விவிலியம் கூறும் மனிதப் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கினின்று தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்போர்க்கு 100 முதல் 500 டாலர் வரை தண்டம் என்பது அதன் சாரம். சட்டத்தை எதிர்த்து வழக்காட முன்வரும் ஆசிரியருக்குத் துணைநிற்பதாக அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் செய்தித்தாளில் அறிவித்திருந்தது. வழக்கு தம் ஊரில் நடந்தால் ஊர் பெயர்பெறும், வணிகமும் செழிக்கும் என்று எண்ணினர் மருந்துக்கடையில் கூடியோர். அழைத்துவரப்பட்டவர் ஜான் ஸ்கோப்ஸ் என்னும் 24 வயது ஆசிரியர். காற்பந்துப் பயிற்சியாளரான அவர், உயிரியல் ஆசிரியர் வராத நாள்களில் அவ்வகுப்பையும் பார்த்துக்கொண்டவர். பரிணாமப் பாடத்தை உண்மையில் நடத்தினாரா என்பதே அவருக்கு நினைவில்லை. எனினும் குற்றவாளிக் கூண்டேற இசைந்தார்.

சூலை 10ஆம் நாள் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பில் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மும்முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். ஸ்கோப்ஸுக்காக வாதிட்டவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. நாடெங்குமிருந்து செய்தியாளர் குவிந்தனர். சிகாகோ வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. தெருவில் சிம்பன்சிக் குரங்குகளைக் காட்டிக் காசு பார்த்தோரும் உண்டு. திருவிழாக் கூட்டம் எனலாம். ஆனால் அறிவியலறிஞர்களின் சான்றை நடுவர் குழு கேட்க நீதிபதி இடந்தரவில்லை. எனவே டாரோ, பிரையனையே விவிலிய வல்லுநராகச் சான்றுக் கூண்டேற்றினார். வெம்மை மிகுந்த சூலை 20ஆம் நாள், நீதிமன்றப் புல்வெளியில் அவ்விசாரணை நிகழ்ந்தது. படைப்பின் ஆறு நாள்களும் 24 மணி நேரம் கொண்ட நாள்களாக இல்லாதிருக்கலாம் என்று பிரையன் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். மறுநாளே நீதிபதி அந்தச் சான்று முழுவதையும் பதிவேட்டிலிருந்து நீக்கினார்.

உலகம் அநாதி, அதனைப் படைத்தவன் ஒருவன் இல்லை என்று கொள்ளும் சமண மரபினர்க்கு இஃது அயல்வீட்டுப் பூசலாகத் தோன்றலாம். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஜினசேனர் தம் ஆதிபுராணத்தில் படைப்போன் உண்டு என்பாரை மறுத்து வாதிட்டதை அறிந்தோர், டாரோவின் வினாக்களைக் கேட்டு முறுவலிக்கவும் கூடும். ஆயினும் சமணம் கூறும் உயிர்க்கொள்கை வேறு, டார்வின் கூறியது வேறு. ஒன்றற்கு மற்றொன்றைச் சான்றாக்குதல் பொருந்தாது.

பிரையனை வெறும் பழமைவாதி என்று ஒதுக்குவதும் முறையன்று. வலியது வாழும், மெலியது மாயும் என்னும் எண்ணம் போருக்கும் ஏழையரை நசுக்குதற்கும் துணைபோகும் என்று அவர் அஞ்சினார். அவ்வச்சத்திற்குக் காரணம் அப்பாடநூலிலேயே இருந்தது. இனமேம்பாட்டியல் என்னும் பெயரில், மனவளர்ச்சி குன்றியோரும் குற்றவாளிகளும் மகப்பேறு பெறாமல் தடுக்கப்பட வேண்டும் என்று அது எழுதியது. மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்தது. பரிணாமத்திலிருந்து இத்தகைய முடிவு எதுவும் பெறப்படுவதில்லை. எழுதியவர் காலத்துச் செருக்கே அங்குப் பாடமாயிற்று. பிள்ளைகள் கையில் இருந்த நூலின் உண்மையான நஞ்சு இதுவே. வழக்கு அதன்பொருட்டு எழவில்லை.

மேல்முறையீட்டிற்கு வழி வேண்டித் தம் கட்சிக்காரரைக் குற்றவாளி என்றே தீர்க்குமாறு டாரோ கேட்டுக்கொண்டார். நடுவர் குழு ஒன்பது நிமிடத்தில் அவ்வாறே தீர்த்தது. நீதிபதி 100 டாலர் தண்டம் விதித்தார். ஐந்து நாள் கழித்துப் பிரையன் டேட்டனிலேயே காலமானார். 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் 50 டாலருக்கு மேற்பட்ட தண்டத்தை நடுவர் குழுவே விதிக்க வேண்டும் என்ற விதியைக் காட்டித் தண்டனையை நீக்கியது. எனவே நாட்டின் உச்ச நீதிமன்றத்திற்குச் செல்ல வழியின்றி வழக்கு முடிந்தது.

அறிவியல் வென்ற வழக்கு என்று பின்னாளில் நாடகமும் திரைப்படமும் இதனைப் போற்றின. வகுப்பறை கண்டதோ வேறு. ஹன்டரின் நூல் 1926இல் திருத்தி வெளியிடப்பட்டபோது, பரிணாமத்தை வெளிப்படையாகப் பேசிய பகுதிகள் அதில் இல்லை. ட்ரூமன் மூன் எழுதிய மற்றொரு பாடநூலின் 1921ஆம் ஆண்டுப் பதிப்பு, முகப்பில் டார்வினின் உருவப்படத்தைத் தாங்கியிருந்தது. 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விடத்தில் இருந்தது செரிமான உறுப்புகளின் படம்! தென்மாநிலங்களில் விற்பனை குறையும் என்ற பதிப்பாளர் அச்சமே இதற்குப் போதுமானதாயிற்று. மற்ற மாநிலங்களின் பிள்ளைகளும் அதே நூல்களைத்தாம் படித்தனர்.

1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியபோது அமெரிக்கா திடுக்குற்றது. அரசின் பொருளுதவியுடன் அறிவியலறிஞர்களே எழுதிய உயிரியல் நூல்கள் 1960களில் பள்ளிகளுக்கு வந்தன. பரிணாமமும் உடன் வந்தது. பட்லர் சட்டம் 1967இல் நீக்கப்பட்டது. ஆர்க்கன்சாவில் சூசன் எப்பர்சன் என்னும் உயிரியல் ஆசிரியை தொடுத்த வழக்கில், இத்தகைய தடைச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிணாமத்தோடு 'படைப்பு அறிவியலையும்' சமமாகக் கற்பிக்கப் பணித்த லூசியானா மாநிலச் சட்டமும் 1987இல் வீழ்ந்தது.

அதன்பின் சொல் மாறியது. உயிர்களின் அமைப்பில் அறிவுள்ள ஒருவரின் திட்டம் தெரிகிறது என்று கூறும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்னும் பெயர் முன்வந்தது. பென்சில்வேனியாவின் டோவர் நகரில், டார்வின் கொள்கை உறுதிப்பட்ட உண்மையன்று என்றும், வடிவமைப்பை விளக்கும் ஒரு நூல் கிடைக்கும் என்றும் மாணவர்க்கு அறிவிக்குமாறு கல்விக் குழு 2004இல் ஆணையிட்டது. பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். அந்நூலின் பழைய கைப்படிகள் நீதிமன்றத்தில் விரிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு முன் 'படைப்புக் கொள்கையர்' என்றிருந்த இடங்களில், தீர்ப்புக்குப் பின் 'வடிவமைப்பு ஆதரவாளர்' என்றிருந்தது. ஓரிடத்தில் பழைய சொல்லை முழுதும் அழிக்காமலே புதியது புகுத்தப்பட்டு, இரண்டும் ஒட்டிப்பிறந்த பொருளற்ற சொல்லொன்று நின்றது. பிழை திருத்துவோர் கண்ணுக்குத் தப்பிய அச்சொல், நூலின் பிறப்பைக் காட்டிக்கொடுத்தது. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலன்று என்று 2005 டிசம்பர் 20ஆம் நாள் நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார்.

அதற்குப் பல மாதங்கள் முன்பே, அவ்வாண்டு சனவரியில், அப்பள்ளியின் உயிரியல் ஆசிரியர்கள் கல்விக் குழுவின் அறிவிப்பை வகுப்பில் படிக்க மறுத்துவிட்டனர். தாம் உண்மையென்று அறியாத ஒன்றை மாணவர்முன் உரைத்தல் தம் தொழிலறத்துக்கு ஒவ்வாது என்பது அவர்கள் கூறிய காரணம். பள்ளி நிருவாகிகளே வகுப்புகளுக்கு வந்து அதனைப் படித்துவிட்டுச் சென்றனர்.