நூற்பெயர் சொல்லாத மேற்கோள்

தோட்டத்துக் கிராணி எழுதும் பேரேட்டில் ஒவ்வொரு தொகைக்கும் அருகே ஒரு சிற்றெண் நிற்கும். அத்தொகை நாள்வழியின் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்பதை அது காட்டும். எண் விடுபட்டால் கணக்குப் பொய்யாகிவிடாது. ஆயினும் அதனை மெய்யென்று காட்ட ஒரு பகல் முழுதும் ஏடு புரட்ட நேரும். நூலாராய்ச்சியிலும் நிலைமை இதுவே.

இம்முறை ஆங்கிலேயர் கற்பித்ததென்றே, ஆங்கிலப் பள்ளியிற் படித்த யானும் எண்ணியிருந்தேன். 13-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூலோ, 32 உத்திகளுள் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்னும் இரண்டை வைத்துள்ளது. 'பின்னர்ச் சொல்வோம்' எனச் சுட்டுவது முன்னது. 'முன்னரே சொன்னோம்' என நினைவூட்டுவது பின்னது.

ஒரு நூலுக்குள் இவ்வாறு வழிகாட்டிய முன்னோர், ஒரு நூலிலிருந்து மற்றொன்றிற்கு வழிகாட்டுவதில் அத்துணைக் கருத்துடையராயிருந்திலர். சீவகசிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் மேற்கோள்களை வாரி வழங்கினார். அவற்றுட் பல எந்நூலின் அடிகள் என்று கூறினாரல்லர். அக்காலப் புலவர்க்கு அடியைக் கேட்டவுடன் நூல் நினைவில் எழுந்திருக்கலாம். 1880-ல் குடந்தைக் கல்லூரியாசிரியர் உ. வே. சாமிநாதையர் அச்சுவடியைக் கையிலெடுத்தபோது அந்நினைவு அறுந்துபோயிருந்தது. சுவடி சுவடியாகத் தேடிப் படித்து, இவ்வடி இந்நூலினது என்று கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. சிந்தாமணி 1887-ல் அச்சேறியது. அத்தேட்டத்திற் கண்ட பத்துப்பாட்டு 1889-லும், புறநானூறு 1894-லும் வெளிவந்தன. பெயர் சொல்லாததே தேடச் செய்தது, ஆதலின் நன்மையே என்பாரும் உளர். எல்லாச் சுவடிக்கும் ஒரு சாமிநாதையர் வாய்ப்பாரோ?

மேலும், நினைவையே நம்பும் கல்வி ஒருசிலர்க்கே உரியது. நூற்பெயரும் பாட்டெண்ணும் தந்துவிட்டால், தோட்டத்து லயத்தில் இருப்பவனும் நூலை வாங்கிப் பார்த்து, எழுதியவர் சொன்னது சரியா என்று தானே தெளியலாம். 'பெரியோர் கூறினர்' என்ற சொல் அவனுக்கு வாயை அடைக்கத்தான் பயன்படும்.

பெயர் சொன்னதன் பயனுக்குப் புறத்திரட்டைக் காண்க. பல நூல்களினின்றும் செய்யுட்களைத் திரட்டிய இது, எடுத்த நூலின் பெயரையும் குறித்தது. முத்தொள்ளாயிரம் முழுநூலாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை இதனுள் நிற்கின்றன. ஐம்பெருங்காப்பியம் என்று எண்ணுகிறோமே, அவற்றுள் மறைந்துபோன வளையாபதியின் செய்யுட்களும் குண்டலகேசியின் செய்யுட்களும் பெரும்பாலும் இதனாலேயே நமக்குக் கிடைத்தன. இத்தனை நூற்பெயர்களைக் காத்துத் தந்தவர் தம் பெயரை மட்டும் எங்கும் குறிக்கவில்லை.