பூர்வகுடி கம்பத்துக் குப்பைக்கு யார் பணம் கொடுப்பது?

கிள்ளான் - பிரிக்பீல்ட்ஸில் குப்பைப் பையைக் கட்டித் தொட்டியில் போட்டால் நம் வேலை முடிந்தது. லோரி வந்து எடுத்துச் செல்லும். கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையம் வழியாக உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகாரில் புதைக்கப்படுகிறது. லோரி, ஆள், எண்ணெய், புதைக்கும் கட்டணம் என இதற்குப் பின்னால் பெரிய செலவு இருக்கிறது.

இதே வசதி ஒரு பூர்வகுடி கம்பத்துக்கு எப்படிக் கிடைக்கும்? அதற்கான பணம் எங்கிருந்து வரும்?

யார் இவர்கள்?

தீபகற்ப மலேசியாவில் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினர் சுமார் 2 லட்சம் பேர். அரசாங்கக் கணக்கில் 18 இனக்குழுக்கள் உள்ளன. சிலாங்கூரில் தெமுவான், மா மெரி மக்கள் அதிகம். கேரித் தீவில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டியே சுங்கை பும்புன் போன்ற மா மெரி கம்பங்கள் இருக்கின்றன. மரச் சிற்பத்துக்குப் பெயர்பெற்ற இவர்கள் நம் தோட்டத் தமிழர்களுக்குப் பல தலைமுறையாக அண்டை வீட்டார்.

சட்டம் சொல்வது என்ன?

குப்பை அகற்றும் சேவையை நடத்த 1976 ஊராட்சி மன்றச் சட்டம் நகராண்மைக் கழகங்களுக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டத்தின் கீழ்தான் வீட்டுக்காரர்களிடம் மதிப்பீட்டு வரியும் வசூலிக்கப்படுகிறது. 2007 திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்தது. கோலாலம்பூர் அதன் கீழ் வருகிறது. சிலாங்கூர் அதில் சேரவில்லை. இங்கு மாநில அரசின் நிறுவனமான கேடிஇபி வேஸ்ட் மேனேஜ்மென்ட் குப்பை அள்ளுகிறது.

பூர்வகுடி நிலங்களை ஆள்வது 1954-ஆம் ஆண்டு பூர்வகுடி மக்கள் சட்டம். அதன் 8-ஆவது பிரிவின்படி, ஒதுக்கீட்டு நிலத்தில் குடியிருக்க உரிமை உண்டு. ஆனால், அது மாநில அரசு விரும்பும்வரை தங்கும் குடியிருப்பாளர் என்ற நிலைக்கு மேல் போகாது. கையில் நிலப்பட்டா இல்லாதவர் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியாது. அதனால் கம்பத்தினர் பெரும்பாலும் மானியத்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. நிலம் நிர்வாகத்துடையது, வீடும் நிர்வாகத்துடையது. குப்பைக் குழி வெட்டுவதா, லோரிக்கு ஏற்பாடு செய்வதா என்பதை மேனேஜர் முடிவு செய்த காலம் பலருக்கு நினைவிருக்கும்.

பணம் வரும் வழிகள்

முதலாவது, ஊரக வட்டார வளர்ச்சி அமைச்சின் கீழ் இயங்கும் பூர்வகுடி மேம்பாட்டு இலாகாவான ஜக்கோவா. இரண்டாவது, மாநில அரசும் நகராண்மைக் கழகமும். கேரித் தீவுக்குப் பொறுப்பு கோல லங்காட் நகராண்மைக் கழகம். மூன்றாவது, ஐநா மேம்பாட்டுத் திட்டத்தின் வழி வழங்கப்படும் சிறு மானியத் திட்டம். இது 2001 முதல் மலேசியாவில் உள்ளது. சமூக அமைப்புகளுக்கு வழக்கமாக 50,000 அமெரிக்க டாலர் வரை தருகிறது. நான்காவது, தோட்ட நிறுவனங்கள், தொழிற்சாலைகளின் சமூக நல நிதி.

தொட்டி வரும், சம்பளம் வராது

மானியம் பெரும்பாலும் ஒருமுறை செலவுக்கே போகிறது. தொட்டி, அரைக்கும் இயந்திரம், கொட்டகை ஆகியவை வரும். திறப்பு விழாவும் நடக்கும். அடுத்த ஆண்டு அதை நடத்துவது யார்?

ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 குடும்பங்கள் உள்ள கம்பத்தில் வீட்டுக்கு மாதம் 5 ரிங்கிட் வசூலித்தால் 500 ரிங்கிட் சேரும். ஒரே ஓர் ஆளை வேலைக்கு வைத்தாலும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மீதி 1,200 ரிங்கிட்டை மாதந்தோறும் யாராவது கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் நின்ற நாளில் பிளாஸ்டிக் மறுபடியும் கொல்லையில் எரியும்.

கனடா 2016 வரவு செலவுத் திட்டத்தில் பூர்வகுடி குடியிருப்புகளின் குப்பை நிர்வாகத்துக்கு 5 ஆண்டுகளுக்கு 40 கோடியே 90 லட்சம் கனடிய டாலர் ஒதுக்கியது. அமெரிக்காவில் பழங்குடி அரசுகள் தங்கள் சுற்றுச்சூழல் திட்டங்களை நடத்தும் திறனை வளர்க்க 1992 சட்டம் மானியம் தருகிறது. இரண்டிலும் பணம் ஓராண்டோடு நிற்பதாகத் திட்டமிடப்படவில்லை.

ஜெஞ்சாரோம் தந்த பாடம்

கேரித் தீவுக்கு அருகில்தான் ஜெஞ்சாரோம் இருக்கிறது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்ததும் அவை இங்கு வந்து குவிந்தன. அனுமதியில்லாத ஆலைகள் பல மூடப்பட்டன. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அந்தச் செலவை மலேசியா ஏற்கவில்லை. அனுப்பியவர்களும் கப்பல் நிறுவனங்களுமே ஏற்றனர். குப்பையை உண்டாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நடைமுறையில் முடியும் என்று அது காட்டியது. பொட்டலம் விற்கும் நிறுவனங்களிடமும் இதே பொறுப்பை வைத்தால், கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் நிலையான நிதி கிடைக்க வழி பிறக்கும்.

விண்ணப்பிக்கும் முன்

மானியம் கேட்கும் கம்பத் தலைவரும், குடியிருப்பாளர் சங்கமும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மாதச் செலவு எவ்வளவு? மானியம் முடிந்ததும் அதை யார் தருவார்? லோரி எதுவரை வரும்? வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு உணவுக் கழிவு. அதைக் கம்பத்திலேயே உரமாக்கினால் லோரி ஏற்ற வேண்டிய எடை குறையும், செலவும் குறையும்.

இந்தக் கேள்விகள் தோட்டத்துக் குடியிருப்புகளுக்கும் பொருந்தும்.