காவல் நாயின் வரலாறும் வளர்ப்போர் கடமையும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, பனி இன்னும் விலகாத நேரம். என் வகுப்பு மாணவன் ஒருவன் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். திறந்து பார்த்தால் உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள்! கண் திறந்து சில நாட்களே ஆகியிருக்கும். தேயிலைக் கொல்லைக்குப் போகும் பாதையோரத்தில் கிடந்ததாகச் சொன்னான். "சார், இது என்ன ஜாதி நாய்? ஜாதி நாயா இருந்தா இப்படிப் போட்டிருப்பாங்களா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. விடை தேடிப் புறப்பட்டபோது நம் முன்னோர் வாழ்ந்த மண்ணின் வரலாற்றுக்குள்ளேயே போக வேண்டியதாயிற்று. அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நாயும் தமிழரும் கொண்ட உறவு மிகப் பழையது. சங்க இலக்கியத்தில் நாய்க்கு 'ஞமலி' என்றும் பெயர் உண்டு. அக்காலத்தில் ஆநிரைகளே செல்வம். பசுக் கூட்டத்தைக் கவர்வதும், அதைத் தடுத்து மீட்பதுமே போர்களின் தொடக்கமாயின. நிரை காத்து மாண்ட வீரருக்கு நடுகல் நட்டு வழிபட்டார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூரில் ஒரு நடுகல் கண்டெடுக்கப்பட்டது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியின் 34-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது, 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மாடுகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனை அக்கல் காட்டுகிறது. அவன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைக் கல்லெழுத்து கூறுகிறது. மன்னர்களின் பெயரே மறைந்துபோகும் உலகில், ஒரு நாயின் பெயர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கல்லில் நின்றிருக்கிறது. கடமை செய்த உயிரை நம் முன்னோர் எவ்வாறு மதித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த மரபு தென் தமிழ்நாட்டில் தொடர்ந்தது. கரிசல் நிலத்தில் ஆட்டுக் கிடை போடும் இடையர்களோடு நாய்கள் இரவெல்லாம் விழித்திருந்து, நரியையும் திருடனையும் விரட்டின. தேனிப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கோம்பை என்னும் ஊரின் பெயரால் செந்நிற உடலும் கறுத்த முகமும் கொண்ட கோம்பை நாய் வழங்கியது. கரிசல் காட்டில் ஒல்லியான உடலும் நீண்ட காலும் கொண்ட சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் முயலைத் துரத்தி ஓடின. இராசபாளையத்தில் வெண்மை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய பெரிய நாய் வீட்டையும் வயலையும் காத்தது. நம் தாத்தா பாட்டிமார் பலர் இந்த மாவட்டங்களிலிருந்துதான் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள் என்பதை நினைவிற் கொள்க.

இத்தகைய நாய்கள் ஏன் அருகின? காரணங்கள் மூன்று.

முதலாவது, வேலை போயிற்று. 1972-ஆம் ஆண்டு இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. அது நல்லதே. ஆனால் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட நாய்க்கு வீட்டில் இடம் குறைந்தது.

இரண்டாவது, மோகம் மாறியது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த அல்சேஷன், பொமரேனியன் போன்றவற்றை வைத்திருப்பது பெருமையாயிற்று. நாட்டு நாய் என்றால் இளப்பமாயிற்று.

மூன்றாவது காரணத்தைக் கவனமாகக் கேளுங்கள். இருந்த நாய்களையும் மனிதன் தவறாகப் பெருக்கினான். இராசபாளையம் நாயில் தூய வெண்மையே உயர்வு என்று எண்ணி, வெள்ளையையும் வெள்ளையையும் சேர்த்தார்கள். வேறு நிறத்தில் பிறந்த குட்டிகளைக் கழித்துவிடும் வழக்கமும் இருந்தது. விளைவு? செவிட்டுக் குட்டிகள் பிறந்தன. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களே உட்காதிலும் இருந்து, கேட்கும் நரம்பணுக்களை வாழவைக்கின்றன. நிறம் அடியோடு இல்லாமற் போனால் காதும் கெடலாம். டால்மேஷன் நாயிலும் இதே குறை காணப்படுகிறது. அழகுக்காகக் காதைப் பறிகொடுத்த காவல் நாய் எதைக் காக்கும்?

பின்னாளில் விழிப்பு ஏற்பட்டது. 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய் இனங்களுக்கென ஒரு வளர்ப்பகம் தொடங்கியது. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை இராசபாளையம் நாயின் படம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. 2020-ஆம் ஆண்டையொட்டி இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தனி இனங்களாக அரசாங்கப் பதிவேட்டில் ஏறின. ஆனால், பதிவேடு மட்டும் ஓர் இனத்தைக் காப்பாற்றாது. வீட்டில் வளர்ப்பவரின் மனச்சாட்சியே காப்பாற்றும்.

இதற்கு வெளிநாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் வடகோடியில் ஆடம் டெல்ஃபர் என்னும் விவசாயி இருந்தார். அவருக்கு ஆடு மேய்க்க நல்ல நாய் தேவைப்பட்டது. அவர் நிறத்தைப் பார்க்கவில்லை, குணத்தைப் பார்த்தார். தந்தை நாய் ராய், சாந்தமும் கலகலப்பும் உடையது. தாய் நாய் மெக், கூச்சம் மிக்கது, ஆனால் கண் பார்வையாலேயே ஆட்டை அடக்குவது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பட்டும் என்று இரண்டையும் சேர்த்தார். 1893-ஆம் ஆண்டு ஹெம்ப் பிறந்தது. இன்று உலகெங்கும் ஆடு மேய்க்கும் பார்டர் கோலி நாய்களில் ஏறத்தாழ எல்லாமே அதன் வழிவந்தவை. 1906-இல் மேய்ப்பர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் வழியே எந்த நாய்க்கு எது தாய், எது தந்தை என்று ஏடு எழுதி வைத்தார்கள்.

ஆனால் அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரே புகழ்பெற்ற ஆண் நாயின் பிள்ளைகளையே மீண்டும் மீண்டும் சேர்த்தால், மறைந்திருக்கும் குறை தாய்வழியும் தந்தைவழியும் ஒன்றுகூடி வெளிப்படும். பார்டர் கோலிக்குப் பிறவிக் கண்நோய் வருவதும் இவ்வழியில்தான். நெருங்கிய உறவில் திருமணம் பற்றி நாம் கேள்விப்படும் எச்சரிக்கை நாய்க்கும் பொருந்தும்.

நேயர்களே, இதெல்லாம் நம் லயத்து வீட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். குட்டி போட்டால் நாலு காசு பார்க்கலாம் என்று பெண் நாய் வாங்குவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் முன்கூட்டியே தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில.

தாய் நாய் முழு வளர்ச்சி அடைந்ததா? ஏறக்குறைய இரண்டு வயது ஆகட்டும். ஆணும் பெண்ணும் உடன்பிறப்போ நெருங்கிய உறவோ இல்லை என்று உறுதியாகத் தெரியுமா? இரண்டுக்கும் கண், காது, இடுப்பு எலும்பு நலமா என்று கால்நடை மருத்துவர் பார்த்தாரா? கரு தாங்கும் ஏறத்தாழ 63 நாட்களுக்கும் அதன் பின்னும் தாய்க்குப் போதிய தீனி போட வசதி உண்டா? குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடர்ந்து போட முடியுமா? எட்டு வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வீடு பேசி முடித்தாயிற்றா?

ஒன்றுக்கேனும் "இல்லை" என்பது விடையானால், கருத்தடை அறுவை செய்துவிடுவதே அறம். ஓடியாடும் நாயினம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். நாள் முழுதும் ஆட்டின் பின்னால் ஓடப் பிறந்த உயிரை வாசற்படியில் சங்கிலி போட்டுக் கட்டினால், அது ஊளையிடும், கடிக்கவும் செய்யும். அண்டை அயலார் எல்லாரும் நாயைத் தொடுபவர்கள் அல்லர். அவர்கள் மனம் நோகாமல் வேலிக்குள் வளர்ப்பதும் நம் கடமையே. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் குறைந்தது 20,000 வெள்ளி அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ விதிக்கிறது.

அந்த ஐந்து குட்டிகள் என்னவாயின? பால் ஊட்டியும் மூன்று ஒரு வாரத்திற்குள் இறந்தன. பள்ளிக்குப் பின்புறம் மாணவர்களே குழி தோண்டினார்கள். ஒன்றை ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா எடுத்துப்போனார். மற்றொன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அது என்ன ஜாதி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரவில் காற்றுக்குக் கதவு ஆடினாலும் எழுந்து நிற்கும். என் மாணவன் அதற்குக் கோவிவன் என்று பெயர் வைத்திருக்கிறான்.

உயிரைப் பிறப்பிப்பது எளிது. அதற்குப் பொறுப்பேற்பதே பெருமை. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போமாக.